குண்டு போனது, ஷியோக் வந்தது

சிங்கப்பூரின் காத்தோங்கில் ஈஸ்ட் கோஸ்ட் சாலையை ஒட்டியே ஒரு காலத்தில் கடல் இருந்தது. 1960களில் தொடங்கிய நிலமீட்பு அதைத் தள்ளி வைத்தது. யுரேஷியர், பெரனாக்கன் சீனர், சிலோன் ரோடு செண்பக விநாயகரை நம்பி வாழ்ந்த யாழ்ப்பாணத் தமிழர் என எல்லாருமாகக் குடியிருந்த வட்டாரம் இது. 1933இல் வந்த செயின்ட் பேட்ரிக்ஸ் போன்ற பள்ளிகளில் வாத்தியார் காதுக்கு ஓர் ஆங்கிலம், திடலில் வேறோர் ஆங்கிலம்.

அந்தத் திடல் ஆங்கிலத்துக்கு, அதாவது சிங்கிலீஷுக்கு, தமிழர் நாம் கொடுத்த சீர்வரிசை ‘குண்டு’. பருத்தவனைக் குறித்த நம் சொல் சிங்கப்பூரர் வாயில் மக்குப் பையனைக் குறித்தது. உடம்பைச் சொன்னது எப்படி மூளைக்கு ஏறியதோ! சீனப் பையன் மலாய்ப் பையனை ‘குண்டு’ என்பான். அது தமிழ் என்று இருவருக்குமே தெரியாது. சில்வியா டோ பைக் சூ 1982இல் இந்தப் பேச்சைப் பற்றி எழுதிய நகைச்சுவை நூலுக்கு ‘ஏ, குண்டு!’ என்றே பெயர் வைத்தார்.

மேலிடத்துக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. 1999 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் கோ சோக் டோங், தொலைக்காட்சி நாயகன் புவா சூ காங்கின் ஆங்கிலத்தையே குறை சொன்னார். மறு ஆண்டு நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் பிறந்தது.

இன்றோ நிலைமை தலைகீழ். எங்கே தனக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று முண்டியடிப்பவரைச் சொல்லும் ஹொக்கியன் ‘கியாசு’ 2007இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஏறியது. 2016இல் ‘பிரமாதம்’ என்று பொருள்படும் ‘ஷியோக்’கும், விவரம் புரியாமல் விழிப்பவரைக் குறிக்கும் ‘பிளர்’ என்பதும் சேர்ந்தன. ஒரு காலத்தில் வாத்தியாரிடம் அடிவாங்கித் தந்த சொற்களைக் குவளையிலும் சட்டையிலும் அச்சடித்து விற்கிறார்கள். நம் வீட்டுத் தமிழிலும் “பிராட்டா செம ஷியோக்”, “அவன் ஒரே பிளர்” என்று சரளமாகப் புழங்குகிறது. மலாயில் ‘மேலே’ என்று பொருள்படும் ‘அத்தாஸ்’, சிங்கிலீஷில் பணக்காரப் பகட்டைச் சொல்லும். காத்தோங்குக்குப் பக்கத்து ஜூ சியட்டின் பழைய கடைவீடுகளில் இன்று காப்பி விற்கும் விலைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

‘குண்டு’தான் பாவம். இன்றைய பிள்ளைகள் வாயில் அது அரிதாகவே வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் 2016 பட்டியலிலும் அதற்கு இடமில்லை. வீட்டில் அந்தக் காலத்துத் தாத்தா பாட்டி இருந்தால், திடலில் யாரை, எதற்காக அப்படித் திட்டினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.