பின்பல்லில் பிறக்கும் பட்டினி

"சாப்பிடத்தான் செய்யுது டாக்டர், ஆனா இளைச்சுக்கிட்டே போகுது." கினிப்பன்றி வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் இப்படிச் சொல்வது வழக்கம். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் கீச்சிட்டுக்கொண்டு ஓடிவருகிறது, தட்டில் வாயை வைக்கிறது, கொத்தமல்லித் தழையை இழுக்கிறது. ஆனால் இழுத்த தழை பாதியில் கீழே விழுந்துவிடுகிறது. அதை யாரும் கவனிப்பதில்லை.

பசி இருக்கிறது, மெல்ல முடியவில்லை. கினிப்பன்றியின் பல் நோயை இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம். முதலில் புல்லை ஒதுக்கும். பிறகு கடினமான பெல்லட்டை ஒதுக்கும். வெள்ளரிக்காய், தழை என்று மென்மையானதை மட்டும் தேடும். அப்புறம் தாடைக்குக் கீழே மயிர் ஈரமாகும். புழுக்கை சிறுத்து, எண்ணிக்கையிலும் குறையும். கன்னத்தில் எச்சில் வழிவதைப் பார்த்துப் பதறி மருத்துவரிடம் ஓடும்போது, நோய் வந்து பல வாரங்கள் ஆகியிருக்கும். காட்டில் வேட்டையாடப்பட்ட பிராணியின் வம்சம் அது. வலியை வெளிக்காட்டினால் கழுகுக்கோ நரிக்கோ இரையாக வேண்டியதுதான் என்பதால், மறைப்பதே அதன் சுபாவம்.

கினிப்பன்றிக்கு மொத்தம் 20 பற்கள். முன்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு வெட்டுப்பற்கள். கோரைப்பல் கிடையாது, அந்த இடம் வெறுமையாக இருக்கும். அதற்கும் பின்னால், மேலும் கீழும், இடமும் வலமுமாக நான்கு நான்கு கடைவாய்ப் பற்கள், ஆக 16. எலிக்கு முன்பல் மட்டும்தான் ஆயுள் முழுக்க வளரும். கினிப்பன்றிக்கோ இருபதும் வளரும். வேர் மூடிக்கொள்ளாத பற்கள் என்பதால் அடியிலிருந்து புதிய பல் உருவாகிக்கொண்டே இருக்கும், மேலே தேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். தேய்மானம் குறைந்தால் நீளம் கூடும். அவ்வளவுதான் கணக்கு.

பல் நீண்டால் எங்கே போகும் என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். கினிப்பன்றியின் கடைவாய்ப் பற்கள் நேராக நிற்பதில்லை. மேல் பற்கள் கன்னத்துப் பக்கமும் கீழ்ப் பற்கள் நாக்குப் பக்கமும் சாய்ந்தவை. மெல்லும் பரப்பே சுமார் 30 டிகிரி சரிவில் இருக்கும். ஆகவே நீண்டுவிட்ட மேல் பல்லின் கூர் கன்னத்தைக் குத்தும். கீழ்ப் பற்களோ இரு பக்கமிருந்தும் உள்நோக்கி வளைந்து, நாக்குக்கு மேலே பாலம் கட்டியதுபோல ஒன்றையொன்று நெருங்கிவிடும். அடியில் சிக்கிய நாக்கால் உணவை உள்ளே தள்ள முடியாது. வாய் நிறைய உணவு இருந்தும் விழுங்க முடியாத நிலை அது.

வாய்க்குள் வளர இடமில்லாதபோது பல் வேர்ப்பக்கமாகவும் தள்ளும். கீழ்த்தாடையின் அடி விளிம்பை விரலால் வருடினால் சிறு மேடுகள் தட்டுப்படுவது இதனால்தான். மேல் பல்லின் வேர் கண் குழியை நோக்கிப் போகும். ஒரு கண் மட்டும் ஓயாமல் நீர் வடிவதும், சற்றுப் புடைத்துத் தெரிவதும் கண் நோயாக இல்லாமல் பல் நோயாக இருக்கலாம். கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுப் போட்டு நாளைக் கடத்துபவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

வீட்டில் வாயைத் திறந்து பார்த்தால் தெரியாதா? தெரியாது. வாய் குறுகல், உள்ளே கன்னச் சதை இருபுறமும் மடிந்து மறைக்கும். நமக்குத் தெரிவது முன்பல் நான்கு மட்டுமே. ஆனால் முன்பல்லும் ஒரு துப்புக் கொடுக்கும். அது ஒரு பக்கமாகச் சரிந்து தேய்ந்திருந்தால், வலிக்கும் பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்தால் மட்டும் மெல்லுகிறது என்று ஊகிக்கலாம். முன்பல் தானாக நீண்டுபோவது குறைவு. பின்பல் கெட்டு, தாடை சரியாக மூடாமல் போவதால் நீள்வதுதான் அதிகம். நீண்ட முன்பல்லை மட்டும் வெட்டி அனுப்பினால் ஓரிரு வாரத்தில் அதே தொல்லை திரும்ப வரும். அதிலும் நகவெட்டியால் வெட்டுவது கூடவே கூடாது. பல் நெடுக்காக விரிசல் விட்டு, உள்ளே இருக்கும் உயிர்த்தசை வரை திறந்துகொண்டு சீழ் பிடிக்கும். கையிலிருந்து விழுந்து முன்பல் உடைவது வேறு கதை. அது பெரும்பாலும் சில வாரங்களில் வளர்ந்து சரியாகிவிடும், அதுவரை உணவை நறுக்கிக் கொடுத்தால் போதும்.

இந்தத் தொல்லைக்கெல்லாம் மூலம் என்ன? பரம்பரைக் கோளாறு உண்டு. பளபளப்பான சாட்டின் மயிர் கொண்ட இனத்தில் எலும்பையே பலவீனமாக்கும் ஒரு நோய் தாடையையும் பிடிக்கிறது. வயதும் ஒரு காரணம். ஆனால் வீட்டில் வளரும் கினிப்பன்றிகளில் அடிக்கடி குற்றவாளியாக நிற்பது தீனித் தட்டுதான்.

ஆண்டீஸ் மலைப்பகுதியில், இன்றைய பெரு, பொலிவியா நாடுகளில், பல ஆயிரம் ஆண்டுகளாக இறைச்சிக்காக வளர்க்கப்பட்ட பிராணி இது. அதன் காட்டு உறவுகளுக்கும் புல்தான் ஆகாரம். புல்லின் இழையில் சிலிக்கா துகள்கள் உண்டு, அவைதான் பல்லைத் தேய்க்கின்றன. நீளமான புல்லை அரைக்கத் தாடையை முன்னும் பின்னுமாக நெடுநேரம் இயக்க வேண்டும். பெல்லட் அப்படியல்ல. இரண்டு அழுத்தில் நொறுங்கிவிடும், வயிறும் நிறைந்துவிடும், பல்லுக்கு வேலை இல்லை. கேரட், பிஸ்கட், சோறு, கடைகளில் விற்கும் தானியக் கலவை எல்லாமே இந்த வகைதான். கொறிப்பதற்கு மரக்கட்டை போட்டால் போதும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. கட்டை முன்பல்லுக்கு உதவும், பின்பல்லை அது தொடவே தொடாது.

வெளிநாட்டுப் புத்தகங்கள் டிமோதி புல்லைச் சொல்லும். நம் ஊரில் அது இறக்குமதிச் சரக்கு, விலையும் அதிகம். அது இல்லாவிட்டால் குடி முழுகாது. அருகம்புல், கினிப்புல், மாட்டுத் தீவனத்துக்கு விளைவிக்கும் கம்பு நேப்பியரின் இளந்தாள் எல்லாம் ஆகும். பொடியாக நறுக்காமல் நீளமாகவே கொடுக்க வேண்டும். சாலையோரத்திலும் மருந்து அடித்த வயலோரத்திலும் அறுத்தது வேண்டாம், குவியலாகக் கிடந்து சூடேறியதும் வேண்டாம். நிழலில் உலர்த்தியும் வைத்துக்கொள்ளலாம், பூஞ்சணம் மட்டும் பிடிக்கக் கூடாது. வைக்கோல் படுக்கைக்கு ஆகும், முழு உணவாகாது. குதிரைமசால் வளரும் குட்டிக்கும் சினைக்கும் நல்லது. வளர்ந்த பிராணிக்குத் தினமும் போட்டால் அதன் சுண்ணாம்புச்சத்து சிறுநீர்ப்பையில் கல்லாகும். பெல்லட் கொடுப்பதானால் ஒரு நாளைக்குச் சுமார் 20 கிராம் போதும். புல் மட்டும் இரவும் பகலும் கூண்டில் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது வைட்டமின் சி. மனிதனைப் போலவே கினிப்பன்றியும் இதைத் தன் உடலில் தயாரித்துக்கொள்ள முடியாத பிராணி. 1907-இல் நார்வேயின் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர், கப்பல் மாலுமிகளின் நோயை ஆராயப் போய், தானியம் மட்டும் தின்ற கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி என்ற வைட்டமின் சி குறைபாட்டு நோய் வருவதைக் கண்டார்கள். வைட்டமின் சி பற்றிய ஆராய்ச்சிக்கே அது வழி திறந்தது. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் பணியாற்றிய ராபர்ட் மெக்கரிசனும் 1919 வாக்கில் ஸ்கர்வி வரவழைக்கும் தீனியைக் கினிப்பன்றிகளுக்குக் கொடுத்து உள்ளுறுப்புகளை ஆராய்ந்தவர். நம் மருத்துவ அறிவுக்காக அவை பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த அறிவை அவற்றின் தட்டுக்கே திருப்பிக் கொடுக்காமல் இருப்பது அநியாயம்.

இந்தச் சத்து குறைந்தால் பல்லைத் தாடையில் பிடித்துவைக்கும் நார்கள் தளரும். பல் ஆடும், இடம் மாறும், கோணலாகத் தேயும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. பச்சைக் குடைமிளகாய் 25 கிராம் கொடுத்தாலே ஏறத்தாழ 20 மில்லிகிராம் வந்துவிடும். கொய்யாவில் அதைவிட அதிகம் உண்டு, ஆனால் சர்க்கரையும் இருப்பதால் ஒரு சிறு துண்டு போதும். பெல்லட்டில் வைட்டமின் சி சேர்த்திருப்பதாக அட்டையில் போட்டிருக்கும். தயாரித்து மூன்று மாதம் தாண்டினால் அதை நம்ப முடியாது, நம் வெயிலில் திறந்த பையாகக் கிடந்தால் சொல்லவே வேண்டாம். குடிநீரில் கலக்கும் சொட்டு மருந்தும் அப்படித்தான். சீக்கிரம் சிதைந்துவிடும், சுவை பிடிக்காமல் பிராணி தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. வாயில் நேரடியாகக் கொடுப்பதே நிச்சயம்.

இனி மருத்துவம். எல்லாக் கால்நடை மருத்துவரும் கினிப்பன்றி பார்ப்பதில்லை, பார்ப்பவர்களிலும் பல் வேலை செய்பவர்கள் குறைவு. கிளம்பும் முன் போனில் கேட்டுவிடலாம்: முயல், கினிப்பன்றிக்கு மயக்கம் கொடுத்துப் பின்பல் தேய்த்த அனுபவம் உண்டா, மண்டையோட்டு எக்ஸ்ரே எடுக்க முடியுமா? விழித்திருக்கும் பிராணியின் வாயில் காது பார்க்கும் கருவியை நுழைத்துப் பார்ப்பது முதல் கட்டம்தான். அதில் தப்புவது நிறைய. முழுமையாகப் பார்க்க மயக்கம் வேண்டும், வேரின் நிலையை அறிய எக்ஸ்ரே வேண்டும். பெரிய நகரங்களில் சி.டி. ஸ்கேனும் கிடைத்தால் நல்லது.

மயக்கத்துக்கு முன் ராத்திரியிலிருந்து பட்டினி போடச் சொன்னால் காரணம் கேளுங்கள். அது நாய்க்கும் பூனைக்கும் உரிய விதி. கினிப்பன்றிக்கு வாந்தி எடுக்கவே வராது. மாறாக, சில மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறாக இருந்தால் குடல் அசைவு நின்றுபோகும், கல்லீரலில் கொழுப்பு சேரும். வாயில் மிச்சமிருக்கும் உணவை மயக்கத்துக்கு முன் கழுவி எடுத்தால் போதும். பிறகு கன்னத்தை விலக்கிப் பிடித்து, சுழலும் சிறு கருவியால் பற்களை இயல்பான நீளத்துக்கும் சரிவுக்கும் தேய்த்துக் கொண்டுவருவார்கள். சீழ்க்கட்டி இருந்தால் வேலை கடுமை. கினிப்பன்றியின் சீழ் நீராக ஓடாது, கெட்டியாக உறைந்திருக்கும். கீறிவிட்டால் வடியாது, உறையோடு எடுக்க வேண்டும், சில சமயம் பல்லையும் சேர்த்து.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. முகம் வீங்கியிருக்கிறதே என்று வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். பென்சிலின் குடும்ப மருந்துகளும் கிளிண்டாமைசினும் வாய்வழி போனால் கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களை அழித்து, நச்சு உண்டாக்கும் கிருமிகளுக்கு இடம் கொடுத்துவிடும். சில நாட்களில் பிராணி செத்துப்போகும். 1943-லேயே இது பதிவாகிவிட்டது. 1940-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பென்சிலினைச் சுண்டெலிகளில் சோதித்தார்கள். கினிப்பன்றியில் தொடங்கியிருந்தால் அந்த மருந்தைக் குப்பையில் போட்டிருப்பார்களோ என்னவோ! கினிப்பன்றிக்கு ஒத்துப்போகும் கிருமிக்கொல்லிகள் வேறு இருக்கின்றன. எது, எவ்வளவு என்பதை மருத்துவரே எழுத வேண்டும்.

பல்லைத் தேய்த்த அன்றே பிராணி புல் தின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நீண்ட பற்களால் இழுபட்ட தாடைத் தசை பழைய நிலைக்கு வரச் சில நாட்கள் ஆகும், வலியும் இருக்கும். வலிக்கு மருந்து கொடுக்காமல் அனுப்பினால் கேட்டு வாங்குங்கள். அதுவரை நம் கைதான் அதன் வாய். பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்து மசித்து, ஆறியபின் சிரிஞ்சில் எடுக்க வேண்டும். மருத்துவர்கள் தரும் தயார் மாவும் உண்டு. மடியில் துண்டு சுற்றி, நான்கு காலில் இருக்கும்படியே பிடித்துக்கொண்டு, முன்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளி வழியாகப் பக்கவாட்டில் அரை மில்லி, ஒரு மில்லியாகக் கொடுக்க வேண்டும். மென்று விழுங்கிய பின்பே அடுத்தது. மல்லாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். கிலோ எடைக்கு ஒரு நாளில் 50 முதல் 80 மில்லி வரை, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை என்று பிரித்துக் கொடுக்கும்போது வீட்டில் ஆள் மாற்றி ஆள் வேண்டியிருக்கும். தாத்தா பாட்டி இருக்கும் வீடு இதில் பாக்கியம் செய்தது.

ஒருமுறை தேய்த்தால் தீர்ந்தது என்று எந்த மருத்துவரும் உறுதி சொல்ல மாட்டார். சீக்கிரம் பிடிபட்ட பிராணி, உணவை மாற்றியதும் தேறிவிடுவதுண்டு. வேர்வரை கெட்டுவிட்ட பிராணிக்கு நாலு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை மயக்கம், தேய்ப்பு என்று ஆயுள் முழுக்கத் தொடரலாம். ஒவ்வொரு தடவையும் செலவு, ஒவ்வொரு தடவையும் மயக்கத்தின் ஆபத்து. தேய்த்த பிறகும் தானாக உண்ணாமல் சிரிஞ்சையே நம்பிக் கிடக்கிறதென்றால், வலியில்லாமல் விடைகொடுப்பது பற்றி மருத்துவரிடம் பேசுவதில் தவறில்லை.

சீக்கிரம் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், சமையலறை டிஜிட்டல் தராசு போதும். ஒரு டப்பாவில் உட்காரவைத்து வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் நிறுத்துக் காலண்டரில் குறிக்கலாம். வளர்ந்த கினிப்பன்றி 700 முதல் 1,200 கிராம் இருக்கும். ஒரே வாரத்தில் 50 கிராம் குறைந்தால் தினமும் நிறுக்கத் தொடங்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அன்றைக்கே மருத்துவர். முழுநாள் எதுவும் தின்னாவிட்டால் தராசுகூட வேண்டாம், நேரே கிளம்ப வேண்டியதுதான்.

புதிதாக வாங்குபவர்கள் சந்தையிலேயே தாடைக்கு அடியில் ஈரம் உண்டா, முன்பற்கள் வெள்ளையாக, நேராகத் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, கண்ணெதிரே ஒரு புல்லைத் தின்னவைத்து வாங்கலாம். பல் நோய் வந்த பிராணியைக் குட்டிக்கு விடக் கூடாது. தாடைக் கோளாறு பரம்பரையாக வந்ததா, தட்டால் வந்ததா என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.