உஷார்! அடுப்பில் எரியும் சொப்பிங் பேக்

விடியற்காலை ஐந்து மணி. தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிறது. மழையில் நனைந்த மிலாறு விறகு பற்றவே மாட்டேன் என்கிறது. கைக்கெட்டிய சொப்பிங் பேக்கைச் சுருட்டி அடுப்பில் வைக்கிறோம். அது உருகி, சொட்டுச் சொட்டாக விழுந்து எரிகிறது. கரும்புகை தகரக் கூரையில் மோதிக் கீழே இறங்குகிறது. அதே காம்பராவில், கம்பளிக்குள், பிள்ளை தூங்குகிறது.

அம்மாமாரே, அக்காமாரே, உஷார்!

கண்ணைக் கரிக்கும் புகையை விட, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் பெரிய ஆபத்து. தலைமுடியின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கும் தொண்டையும் அதைத் தடுக்காது. நுரையீரலின் அடிவரை போய் இரத்தத்திலும் கலக்கும். சளிக்காய்ச்சல், மூச்சிழுப்பு, மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றுக்கும் அது வழிவகுக்கும். வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 2,37,000க்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

2022 டிசம்பரில் இந்தியப் பக்கமிருந்து மாசுக்காற்று வந்தபோது இலங்கையே பயந்தது. 9ஆம் திகதி பள்ளிக்கூடங்களை மூடினார்கள். நம் அடுப்படியிலோ தினமும் அதே நிலைமை. குளிருக்குப் பயந்து ஜன்னலையும் அடைத்துவிடுகிறோம். வெளியே போன புகையும் குளிர்ந்த காற்றோடு பள்ளத்தில் தங்கிவிடும். காலையில் லயத்துக்கு மேலே நிற்பதெல்லாம் பனிமூட்டம் இல்லை.

பொலித்தீன் எரிந்தால் புகையில் நஞ்சும் சேரும். எரியாத பிளாஸ்டிக் துணுக்குகளும் பறக்கும். 2022இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் 13 நுரையீரல் மாதிரிகளைச் சோதித்தார்கள். 11இல் பிளாஸ்டிக் துகள் இருந்தது! லயத்துக்குப் பின்னால் குப்பையோடு பிளாஸ்டிக்கைக் கொளுத்துவதும் 2017 செப்டெம்பர் முதல் சட்டப்படி தடை.

இன்றே செய்யுங்கள்:

- மிலாறை மழை படாமல் அடுக்கி, நன்றாகக் காயவிடுங்கள். ஈரவிறகுதான் அதிகம் புகையும்.
- அடுப்பு மூட்ட காய்ந்த சருகோ சிராயோ போதும். பொலித்தீனும் ரயர்த் துண்டும் வேண்டவே வேண்டாம்.
- அடுப்பு எரியும்வரை ஜன்னலும் கதவும் திறந்திருக்கட்டும். முடிந்தால் புகைபோக்கி வையுங்கள்.
- கைக்குழந்தை, கர்ப்பிணி, மூச்சிழுப்புக்காரர் அடுப்படியில் இருக்கக்கூடாது. முந்தானையால் மூக்கைப் பொத்தினால் நுண்துகள் நிற்காது.
- பிள்ளை வேகவேகமாக மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலையும் காட்டியே ஆகவேண்டும்.

நாளைக் காலை தீக்குச்சியை எடுக்குமுன் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். குளிருக்குப் பிள்ளைக்கு இன்னொரு கம்பளி போர்த்தலாம். புகைக்குப் போர்த்த எதுவும் இல்லை.