தட்டிக் கேட்கும் பயிற்சியாளருக்கும் சட்டத்தின் காவல் உண்டு

பெண் பிள்ளைகளின் விளையாட்டில் பாகுபாடு நடந்தால் அதை முதலில் காண்பவர் பயிற்சியாளர்தான். எந்த அணிக்கு எந்த அரங்கம், யாருக்குப் பேருந்து, யாருக்குப் புதுப் பந்து என்பதெல்லாம் தினமும் அவர் கண்ணெதிரே முடிவாகிறது. தன் அணிக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது என்று பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் தெரிய வழியில்லை. தெரிந்தாலும் பள்ளி முதல்வரிடம் போய்க் கேட்பது அவளுக்கு எளிதல்ல. அவளுக்காகப் பேசுகிறவரின் வேலை பறிபோகலாம் என்ற நிலை இருந்தால், சமவாய்ப்புச் சட்டம் ஏட்டளவில்தான் நிற்கும். புகார் சொல்பவரைக் காப்பது அந்தச் சட்டத்தின் உயிர்நாடி. அமெரிக்காவில் ஒரு கூடைப்பந்துப் பயிற்சியாளர் தொடுத்த வழக்கு இதை உறுதிசெய்தது.

அங்கே 1972-ல் வந்த 'டைட்டில் நைன்' சட்டம், கூட்டரசின் நிதியுதவி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் ஆண், பெண் என்று பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. சட்டத்தின் அந்த வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. 1975-ல் வந்த விதிகள்தான் அதை விளையாட்டுக் களத்துக்குக் கொண்டுவந்தன. ஆடும் வாய்ப்பு, உபகரணம், பயிற்சி நேரம், பயணச் செலவு, பயிற்சியாளர், உடை மாற்றும் அறை, மருத்துவ வசதி, விளம்பரம் ஆகியவற்றை எல்லாம் அந்த விதிகள் பட்டியலிடுகின்றன. ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் ஒரே தொகையைச் செலவிட வேண்டும் என்பது விதி அல்ல. மொத்தமாகப் பார்த்தால் இரு பாலருக்கும் கிடைக்கும் வசதியும் மதிப்பும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும்.

அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரிலுள்ள என்ஸ்லி உயர்நிலைப் பள்ளிக்கு, அந்த வழக்கைத் தொடுத்த பயிற்சியாளர் ராடரிக் ஜாக்சன் 1999-ல் மாற்றலாகி வந்தார். தன் பெண்கள் அணிக்கு நிதியும் உபகரணமும் அரங்கமும் சமமாகக் கிடைக்கவில்லை என்பது அவருடைய முறையீடு. பையன்களுக்கு நல்ல அரங்கம் இருக்க, பெண்கள் வளையங்கள் வளைந்துபோன, வெப்பமூட்டும் வசதியில்லாத பழைய கூடத்தில் பயிற்சி செய்தார்கள் என்றார். 2000 டிசம்பரில் மேலதிகாரிகளிடம் புகார் செய்தார்; பலனில்லை. அதன்பின் அவருடைய பணி மதிப்பீடுகள் பாதகமாக வரத் தொடங்கின. 2001 மே மாதம் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். ஆசிரியர் வேலை நீடித்தது, பயிற்சிக்கான கூடுதல் ஊதியம் போயிற்று.

கீழமை நீதிமன்றங்கள் அவருடைய வழக்கைத் தள்ளுபடி செய்தன. பாகுபாட்டுக்கு ஆளானவர்கள் மாணவிகள், இவர் அல்ல. ஆகவே இவருக்கு வழக்குத் தொடுக்க உரிமையில்லை என்பதே வாதம். உச்ச நீதிமன்றத்தில் மாறுபட்ட நான்கு நீதிபதிகளின் கருத்தும் ஏறக்குறைய அதுதான். ஆனால் 2005 மார்ச் 29 அன்று ஐந்து நீதிபதிகள் எதிர்ப்பக்கம் நின்றார்கள். பால் பாகுபாட்டைப் பற்றிப் புகார் செய்தவரைப் பழிவாங்குவதும் பால் பாகுபாடே என்று அவர்கள் சார்பில் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் தீர்ப்பு எழுதினார். பழிவாங்கலுக்குத் தடையில்லாவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், சட்டத்தை நடைமுறைப்படுத்தும் ஏற்பாடே குலைந்துவிடும் என்பது தீர்ப்பின் சாரம். ஜாக்சன் சொன்னதெல்லாம் நிரூபணமாகிவிட்டது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அவற்றை நிரூபிக்கும் வாய்ப்பை அவருக்குக் கொடுத்தது. 2006-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

இங்கே சில எதிர்வாதங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆண்கள் ஆட்டத்துக்குத்தான் கூட்டம் வருகிறது, நன்கொடையும் வருகிறது என்பார்கள். வசூலை வைத்து வசதியைப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. நன்கொடையாளர் பையன்களுக்கென்றே பணம் தந்தாலும், அதனால் உண்டாகும் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும் கடமை பள்ளிக்கு உண்டு. பெண்களுக்கு ஆர்வம் குறைவு என்பது இன்னொரு வாதம். 1971-72 கல்வியாண்டில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு; இன்று அந்த எண்ணிக்கை முப்பது லட்சத்துக்கும் மேல். ஓரிரு தலைமுறையில் பெண்களின் இயல்பு மாறிவிடவில்லை, திறந்துவிடப்பட்ட வாய்ப்புதான் மாறியது. திறமையில்லாத பயிற்சியாளர் ஒரு புகாரைப் போட்டு வேலையைக் காப்பாற்றிக்கொள்வார் என்ற அச்சமும் உண்டு. புகாருக்கும் தண்டனைக்கும் உள்ள தொடர்பை நிரூபிக்கும் பொறுப்பு பயிற்சியாளருடையது. நியாயமான வேறு காரணம் இருந்தால் பள்ளி அதைக் காட்டலாம். நேர்மையாக நடக்கும் நிர்வாகம் இதில் அஞ்ச ஒன்றுமில்லை.

பாகுபாட்டைக் கண்டவர் செய்ய வேண்டியது என்ன? முதலில் பதிவு. எந்த நாளில் எந்த அரங்கம் மறுக்கப்பட்டது, எந்தப் பயணத்துக்கு வண்டி கிடைக்கவில்லை என்று தேதியோடு எழுதி வைக்க வேண்டும். புகாரை வாய்மொழியாக விடாமல் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வரும் பழிவாங்கலைக் காட்ட இந்தத் தேதிகளே சாட்சி. நிதியுதவி பெறும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் இந்தச் சட்டத்துக்கென ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமித்திருக்க வேண்டும், அவரிடம் முறையிடலாம். கூட்டரசுக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்திலும் புகார் தரலாம். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை, பாதிக்கப்பட்டவரே தர வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் பொதுவாகச் சம்பவம் நடந்த 180 நாட்களுக்குள் தர வேண்டும். நீதிமன்றத்துக்கு நேரடியாகப் போகும் வழியும் திறந்தே இருக்கிறது. கல்லூரிகளாக இருந்தால், இரு பாலர் அணிகளுக்கும் செய்யும் செலவை ஆண்டுதோறும் வெளியிடும்படி 1994-ம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அந்தக் கணக்கை யாரும் பார்க்கலாம்.

அமெரிக்கப் பள்ளிகளில் பெண்களைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கும் இந்த உரிமைகள் அனைத்தும் உண்டு. மகள் எந்த அரங்கத்தில், எந்த நேரத்தில் பயிற்சி செய்கிறாள் என்று விசாரியுங்கள். பையன்கள் அணியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவளுக்காக ஒரு பயிற்சியாளர் குரல் கொடுத்தால் அவரைத் தனியே விட்டுவிடாதீர்கள், உங்கள் பெயரிலும் எழுத்தில் ஒரு புகார் கொடுங்கள்.