புறங்கையால் தொட்டுப் பார்

கப்பலில் தீயணைக்கப் பழகும் இளம் மாலுமிக்கு முதலில் சொல்லித் தரும் பாடங்களில் ஒன்று, கதவைத் தொடுவது எப்படி என்பது. மூடியிருக்கும் இரும்புக் கதவுக்கு அப்பால் தீ இருக்கிறதா என்று பார்க்க உள்ளங்கையை வைக்கக் கூடாது. புறங்கையை மெல்லக் கொண்டுபோக வேண்டும். புறங்கைத் தோல் மெல்லியது, சூட்டைச் சட்டென்று உணரும். சுட்டுவிட்டாலும் உள்ளங்கை தப்பிவிடும். ஏணியைப் பிடிக்கவும் ஹோஸைத் தூக்கவும் அது வேண்டுமே! புகையில் கண் தெரியாமல் சுவரைத் தடவி நகரும்போதும் புறங்கைதான். அறுந்து தொங்கும் மின்கம்பி உள்ளங்கையில் பட்டால் தசைகள் சுருங்கி, விரல்கள் கம்பியை இறுகப் பற்றிக்கொள்ளும். புறங்கையில் பட்டால் அதே சுருக்கம் கையைக் கம்பியிலிருந்து இழுத்துவிடும்.

இப்படி ஒவ்வோர் அசைவுக்கும் பின்னால் ஓர் அறிவியல் இருக்கிறது. ஊரில் வீடு பற்றிக்கொண்டால் வெளியே ஓடிவந்து 101-ஐ அழைக்கிறோம். நடுக்கடலில் ஓட இடமில்லை, வண்டியும் வராது. பெரிய சரக்குக் கப்பலில்கூட இருபது, இருபத்தைந்து பேர்தான் இருப்பார்கள். என்ஜின் பார்ப்பவர், சுக்கான் பிடிப்பவர், சமையல்காரர் எல்லோரும் சேர்ந்ததுதான் அங்கே தீயணைப்புப் படை. அதனால்தான் மாலுமிகளின் பயிற்சிக்கான 1978-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையும் அதன் பிற்காலத் திருத்தங்களும் தீயணைப்பை அடிப்படைப் பயிற்சியாக்கின. ஒருமுறை கற்றுவிட்டால் போதாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை திறமையை மறுபடி நிரூபிக்க வேண்டும். கப்பலில் மாதந்தோறும் ஒத்திகை தனி.

கப்பலை இரும்பு அறைகளின் அடுக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறையில் தீப்பிடித்தால் அதற்கு ஆறு முகங்கள்: நான்கு சுவர், ஒரு கூரை, ஒரு தளம். இரும்பு சூட்டைக் கடத்தும். உள்ளே எரிவது எண்ணெயாக இருக்கலாம். ஆனால் அடுத்த அறையில் சுவரோரம் அடுக்கிய அட்டைப்பெட்டி, ஒரு பொறிகூடப் படாமல், சுவரின் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். எனவே ஒரு குழு தீயோடு போராடும்போது இன்னொரு குழு அந்த ஆறு முகங்களுக்கும் வெளியிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக் குளிர்விக்கும். மேல்தளத்தில் பெயின்ட் கொப்பளிக்கிறதா, ஊற்றிய நீர் ஆவியாகிறதா என்று பார்த்தே கீழே தீ எங்கே நகர்கிறது என்று கண்டுபிடிப்பார்கள்.

அந்தத் தண்ணீரே எதிரியாகவும் மாறும். 19 மில்லிமீட்டர் வாய் கொண்ட ஒரு சாதாரணக் குழாய்முனை மணிக்கு 20 டன்னுக்கு மேல் நீரைக் கொட்டும். அது எங்கே போகும்? ஒரு தாம்பாளத்தில் நீர் நிரப்பி நடந்து பாருங்கள். கொஞ்சம் சாய்ந்தால் நீர் முழுதும் அந்தப் பக்கமே ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். கப்பலின் மேல்தளங்களில் தேங்கும் நீரும் அப்படித்தான்.

1942 பிப்ரவரி 9. நியூயார்க் துறைமுகத்தில் 'நார்மண்டி' என்ற மாபெரும் பிரெஞ்சுப் பயணக் கப்பலைப் போர்வீரர்களை ஏற்றும் கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். இரும்பு வெட்டும் சுடரின் பொறி, குவித்து வைத்திருந்த உயிர்காப்பு அங்கிகளில் விழுந்தது. அவற்றுக்குள் இருந்தது நாம் தலையணைக்கு அடைக்கும் இலவம்பஞ்சு. நொடியில் பற்றியது. நகரத் தீயணைப்புப் படை விரைந்து வந்தது. ஆனால் அவர்களுடைய ஹோஸ் பிரெஞ்சுக் கப்பலின் இணைப்புகளில் பொருந்தவில்லை. கரையிலிருந்தும் தீயணைப்புப் படகுகளிலிருந்தும் மணிக்கணக்காக நீரைக் கொட்டினார்கள். தீ அடங்கியது. கப்பலோ சாய்ந்துகொண்டே போய், மறுநாள் விடியுமுன் துறைமுகத்திலேயே பக்கவாட்டில் கவிழ்ந்தது. தீயணைக்க ஊற்றிய தண்ணீரே அதைக் கவிழ்த்தது.

ஹோஸ் இப்படிப் பொருந்தாமல் போகாதிருக்க, இன்று சர்வதேசப் பயணம் செய்யும், 500 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் ஒரு சின்ன இரும்பு வளையம் கட்டாயம் இருக்க வேண்டும். வெளிவிட்டம் 178 மில்லிமீட்டர், போல்ட் பூட்ட நான்கு துளை. கப்பல் எந்த நாட்டில் கட்டியதாக இருந்தாலும் இந்த அளவு மாறாது. ஒரு பக்கம் கரையின் குழாய்க்கு, மறுபக்கம் கப்பலின் குழாய்க்கு. எனக்கு இந்த வளையத்தின் மேல் தனி மதிப்பு உண்டு. உலகத்துத் துறைமுகங்கள் அனைத்தும் ஒரே அளவுக்கு ஒப்புக்கொண்ட பொருள்கள் அதிகமில்லை.

எண்ணெய்த் தீயில் தண்ணீரைப் பீய்ச்சினால் என்ன ஆகும் என்பது நம் வீட்டுச் சமையலறைக்கே தெரியும். தாளிக்கும் வாணலியில் ஒரு சொட்டு நீர் விழுந்தால் எண்ணெய் தெறிக்கிறதல்லவா? நீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஆவியாகிச் சுமார் 1,700 மடங்கு விரிகிறது. மேலிருக்கும் எண்ணெயைத் தூக்கி எறிகிறது. அதனால் எண்ணெய்த் தீக்கு நுரை. நுரை போர்வைபோல மேலே படர்ந்து காற்றை மறிக்கும். இந்தப் பாடத்தை அமெரிக்கக் கடற்படை 1967 ஜூலை 29 அன்று பெரும் விலை கொடுத்துக் கற்றது. 'ஃபாரஸ்டல்' என்ற விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் தவறுதலாகப் பாய்ந்த ஒரு ராக்கெட் விமானத்தின் எரிபொருள் கலத்தை உடைத்தது. தீயில் வெந்த குண்டு ஒன்று ஒன்றரை நிமிடத்தில் வெடித்தது. முன்னால் ஓடிய பயிற்சி பெற்ற தீயணைப்பாளர்களில் பெரும்பாலோர் அங்கேயே மாண்டார்கள். மிஞ்சியவர்களுக்குத் துணிச்சல் நிறைய இருந்தது, பயிற்சி இல்லை. ஒரு குழு நுரையைப் பரப்ப, இன்னொரு குழு கடல்நீரைப் பீய்ச்சி அதைக் கழுவிவிட்டது. எரியும் எண்ணெயையும் தளத்தின் ஓட்டைகள் வழியே கீழே தள்ளிவிட்டது. 134 பேர் இறந்தார்கள். பின்னர் அந்தத் தளத்தின் கேமராப் பதிவையே பாடமாக்கி, மாலுமிகள் அனைவருக்கும் தீயணைக்கக் கற்றுத் தந்தார்கள்.

என்ஜின் ரூமில் தீ கைமீறினால் கடைசி ஆயுதம் கார்பன் டை ஆக்சைடு. மின்விசிறிகளை நிறுத்தி, காற்று வழிகளை அடைத்து, எரிபொருள் வால்வுகளை மூடி, அறையின் கொள்ளளவில் சுமார் 40 விழுக்காட்டுக்கு இந்த வாயுவை நிரப்ப வேண்டும். அதில் 85 விழுக்காடு இரண்டே நிமிடத்தில் உள்ளே பாய வேண்டும் என்பது விதி. தீயின் மூச்சை நிறுத்துவது மனிதனின் மூச்சையும் நிறுத்தும். அந்த அடர்த்தியில் சில மூச்சிலேயே நினைவு தப்பிவிடும். நிறமோ எச்சரிக்கும் வாசனையோ கிடையாது. வாயுவைத் திறந்துவிடும் விசை இருக்கும் பெட்டியின் கதவைத் திறந்தாலே என்ஜின் ரூமில் அபாய ஒலி எழும்படி அமைத்திருப்பது அதனால்தான். அதற்கும் முன்னால் தலைகளை எண்ண வேண்டும். பட்டியலில் 22 பெயர், மேல்தளத்தில் 21 பேர் என்றால் கை அந்த விசையைத் தொடக் கூடாது. தீ வளர்ந்துகொண்டிருக்கும், எண்ணிக்கையோ பொருந்தாது. கடல் தொழிலில் இதைவிடக் கொடிய நிமிடம் இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். ஒத்திகையில் சலிக்கச் சலிக்கப் பெயர் வாசிப்பது இந்த நிமிடத்துக்காகத்தான்.

வாயுவை விட்ட பிறகு காத்திருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு காற்றை விலக்கும், ஆனால் அவ்வளவாகக் குளிர்விக்காது. தீ அணைந்த அறையில் இரும்பு இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். ஆவலில் கதவைத் திறந்தால் காற்று புகும், மறுபடி பற்றிக்கொள்ளும். இரண்டாம் முறை நிரப்ப வாயு இருக்காது. மணிக்கணக்காக, வெளிச்சுவரின் சூடு இறங்குகிறதா என்று பார்த்தபடி இருப்பார்கள்.

பயணிகள் கப்பலில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் சுடரல்ல, புகை. 1990 ஏப்ரல் 7 அதிகாலையில் ஒஸ்லோவிலிருந்து டென்மார்க் சென்ற 'ஸ்கேண்டினேவியன் ஸ்டார்' கப்பலின் நடைவழிகளில் தீ ஓடியது. சுவரில் ஒட்டிய பிளாஸ்டிக் பலகை எரிந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கக்கியது. 159 பேர் இறந்தார்கள். ஊழியர்களில் பலர் புதிதாகச் சேர்ந்தவர்கள். புறப்படும் முன் தீ ஒத்திகை நடக்கவில்லை. இன்றைய விதிப்படி, ஊழியரில் கால்வாசிக்கு மேற்பட்டோர் முந்தைய மாதத்தில் அந்தக் கப்பலின் ஒத்திகையில் கலந்துகொள்ளாதவர்கள் என்றால் துறைமுகத்தை விட்ட 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடந்தாக வேண்டும்.

சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு (முன்பு போர்ட் பிளேர்) ஏறக்குறைய மூன்று நாள் கப்பலில் போகிறவர்கள் நம்மில் உண்டு. ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி கேட்டால், ஒத்திகைதானே என்று படுத்திருக்காதீர்கள். உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, சொன்ன இடத்துக்குப் போய் நில்லுங்கள். திரும்பி வரும்போது உங்கள் கேபினிலிருந்து மாடிப்படி வரை எத்தனை கதவு என்று, கண்ணை மூடிக்கொண்டு புறங்கையால் சுவரைத் தடவியபடி ஒருமுறை எண்ணிவிடுங்கள்.