மூன்று நடுக்கோடுகளும் ஒரு கிணறும்

சாலையும் ஓடையும் குறுக்கிடும் இடங்களில் நிலங்கள் எல்லாம் சதுரமாக அமைவதில்லை. நம் கனகம்மாசத்திரம், திருத்தணி வட்டாரத்தில் ஒரு முக்கோண நிலம் இருப்பதாகக் கொள்வோம். அதை இரு மகன்களுக்கும் ஒரு மகளுக்கும் சமமாகப் பிரிப்பது எங்ஙனம்? 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டமும் 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தச் சட்டமும் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை அளித்துள்ளன. ஆகவே இது வெறும் ஏட்டுக் கணக்கன்று.

முக்கோணத்தின் ஓர் உச்சியை எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளியோடு சேர்க்கும் கோடே நடுக்கோடு. அடிப்பக்கத்தில் பாதியையும் உயரத்தையும் பெருக்கினால் முக்கோணப் பரப்பு கிடைக்கும் என்று கி.பி. 499இல் ஆரியபட்டர் கூறினார். நடுக்கோட்டின் இருபுறமும் அடிப்பக்கம் சமம், உயரமும் ஒன்றே. எனவே நடுக்கோடு பரப்பை இரு சமபாகமாக்கும்.

கசத என்னும் முக்கோணத்தில், க, ச ஆகிய உச்சிகளிலிருந்து வரும் நடுக்கோடுகள் ம என்னுமிடத்தில் சந்திக்கட்டும். முதல் நடுக்கோடு கசத, மசத ஆகிய இரண்டையுமே பாதியாக்குகிறது. பாதியிலிருந்து பாதியைக் கழித்தால் கசம, கதம என்பவை சமம். இவ்வாறே இரண்டாம் நடுக்கோட்டால் கசம, மசத என்பவையும் சமம். ஆக, மூன்றும் சமம்! மசத மூன்றில் ஒரு பங்காதலால், அதன் உயரமும் முழு உயரத்தில் மூன்றில் ஒரு பங்கே. எனவே ம, நடுக்கோட்டை உச்சியிலிருந்து 2:1 என்னும் விகிதத்தில் பிரிக்கிறது. மூன்றாம் நடுக்கோடும் முதல் நடுக்கோட்டை இதே விகிதத்தில்தான் வெட்டியாக வேண்டும். ஆதலால் அதுவும் இப்புள்ளி வழியே செல்லும். இதுவே நடுக்கோட்டு மையம்.

நிலத்தின் பக்கங்கள் 130, 140, 150 மீட்டர் எனில் பரப்பு 8400 சதுர மீட்டர். நடுக்கோட்டு மையத்திலிருந்து மூன்று மூலைகளுக்கும் வரப்பு போட்டால், ஒவ்வொருவருக்கும் 2800 சதுர மீட்டர், ஏறக்குறைய 69 சென்ட் கிடைக்கும். அம்மையத்தில் கிணறு தோண்டினால் மூவர் நிலமும் கிணற்றைத் தொடும்.

கோணத்தைப் பாதியாக்கினால் நிலமும் பாதியாகும் என எண்ணிவிடலாகாது. இந்நிலத்தில் 130, 150 மீட்டர் பக்கங்களுக்கு இடையிலுள்ள கோணத்தை இருசமவெட்டியால் பிரித்தால், ஒருபுறம் 3900, மறுபுறம் 4500 சதுர மீட்டர் வரும். வேறுபாடு ஏறத்தாழ 15 சென்ட்! உடன்பிறந்தோரிடையே வழக்கு மூள இது போதாதா?

சீரான தடிப்புள்ள முக்கோண அட்டை சமநிலையில் நிற்கும் புள்ளியும் இம்மையமே எனக் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசு நிறுவினார். ஓர் அட்டையை வெட்டி, மையத்தைக் குறித்து, பென்சில் முனையில் நிறுத்திப் பாருங்கள். மண்ணின் வளமும் பாதை வசதியும் வேறுபடலாம். அவற்றைப் பேசித் தீர்க்க வேண்டும். பரப்பில் மட்டும் கணிதம் ஒருவர்பக்கமும் சாயாது.