முகம் கழுவ எண்ணெயா? வத்தல்மலை டிரிப் போறவங்களும் தெரிஞ்சுக்க வேண்டிய ‘ஆயில் க்ளென்சிங்’ விஷயங்கள்!

‘முகத்துல எண்ணெய் வழியுதே’ன்னு ஒரு நாளைக்கு நாலு தடவை ஃபேஸ்வாஷ் போடுறவரா நீங்க? உங்ககிட்ட யாராவது வந்து, ‘இனிமே எண்ணெயாலேயே முகத்தைக் கழுவு’ன்னு சொன்னா, ‘ஏற்கெனவே வழியிறது போதாதா?’ன்னுதான் கேட்பீங்க. ஆனா, சமூக வலைதளங்களில் ‘ஆயில் க்ளென்சிங்’ என்ற பெயரில் வலம்வரும் வீடியோக்கள் அதைத்தான் சொல்கின்றன. ரெண்டு ஸ்பூன் விளக்கெண்ணெய், கொஞ்சம் வேறு எண்ணெய், ஒரு வெதுவெதுப்பான டவல். அவ்வளவுதான், முகம் பளிச்!

இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பில்டப்? யார் முயற்சி செய்யலாம், யார் தள்ளி இருக்கணும்? வாங்க, பார்க்கலாம்.

மலை ஏறும் முகத்துக்கு என்ன ஆகுது?

வார இறுதியில் பைக்கை எடுத்துக்கொண்டு தருமபுரியிலிருந்து வத்தல்மலைக்குக் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 25 கி.மீ. தூரம்தான். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால் காபி, மிளகு, சாமை, ராகி, சீசனில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் கடுகு என்று காட்சியே மாறிவிடும். பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு என்று மலைக்கிராமங்கள். குளிர்ந்த காற்று, செல்ஃபிக்கு ஏற்ற வெளிச்சம்... எல்லாம் ஓகே. ஆனால், உங்கள் முகத்தின் நிலை?

கீழே சாலைத் தூசும் வாகனப் புகையும். மேலே போகப் போக வெயிலின் புற ஊதாக் கதிர்கள் கூடும். ஒவ்வோர் 1,000 மீட்டர் உயரத்துக்கும் அது சுமார் 10 சதவிகிதம் அதிகரிக்கும். குளுகுளுன்னு இருக்கிறதால நமக்கு அது உறைக்காது. அதனால் சன்ஸ்கிரீன் போட்டே ஆகணும். வியர்வையில் கரையாத ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ வகை என்றால் இன்னும் நல்லது.

சிக்கல் வீடு திரும்பிய பிறகுதான். தண்ணீரில் கரையக் கூடாது என்றே தயாரித்த சன்ஸ்கிரீன், வெறும் தண்ணீரில் எப்படிப் போகும்? அதன்மேல் முகத்தில் சுரந்த எண்ணெய்ப்பசை, அதில் ஒட்டிய தூசு. சோப்பு போட்டுத் தேய்தேய்யென்று தேய்த்தால் போகும்தான். ஆனால், கூடவே சருமத்தின் பாதுகாப்புப் படலமும் கொஞ்சம் போய்விடும். நம் சருமம் லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். அளவு சுமார் 5. சாதாரண குளியல் சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை. கழுவி முடித்ததும் முகம் ‘இறுக்கிப் பிடிச்ச மாதிரி’ இருப்பது சுத்தத்தின் அடையாளம் இல்லை, வறட்சியின் அடையாளம்.

எண்ணெயை எண்ணெயால் எடுக்கும் ரகசியம்

கையில் கிரீஸ் ஒட்டிக்கொண்டால் மெக்கானிக்குகள் என்ன செய்வார்கள்? முதலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, அப்புறம்தான் சோப்பு. பலாப்பழம் அறுக்கும்முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்வதும் இதே கணக்குதான். ஒரே குணம் உள்ள பொருள்கள் ஒன்றில் ஒன்று கரையும். சன்ஸ்கிரீன், மேக்கப், முகத்தின் எண்ணெய்ப்பசை எல்லாம் எண்ணெயில் எளிதாகக் கரைந்து இளகிவிடும். அழுத்தித் தேய்க்க வேண்டிய தேவை இருக்காது.

இது இன்றைய கண்டுபிடிப்பும் இல்லை. ஆலிவ் எண்ணெய், தேன்மெழுகு, பன்னீர் கலந்த ‘கோல்டு க்ரீம்’, கி.பி. 2-ம் நூற்றாண்டைச் சேர்ந்த கேலன் என்ற மருத்துவரின் பெயரில் சொல்லப்படுகிறது. 1967-ல் ஜப்பானிய மேக்கப் கலைஞர் ஷு உமுரா க்ளென்சிங் ஆயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று கொரிய அழகுக் குறிப்புகளில் வரும் ‘டபுள் க்ளென்சிங்’கும் இதே வழிதான்: முதலில் எண்ணெய், பிறகு ஃபேஸ்வாஷ்.

ஆனா, நம்ம ஊர் எண்ணெய்க் குளியலை யோசிச்சுப் பாருங்க. எண்ணெய் தேய்த்து ஊறியபிறகு அப்படியேவா விட்டுவிடுகிறோம்? சீயக்காயோ அரப்போ போட்டு அலசுகிறோம். உசிலை மர இலையைக் காயவைத்துப் பொடித்தால் அரப்பு. சீயக்காயிலும் அரப்பிலும் ‘சப்போனின்’ என்ற இயற்கையான நுரைப்பொருள் இருக்கிறது. அது ஒரு கையால் எண்ணெயையும் இன்னொரு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு, அழுக்கோடு சேர்த்து வெளியே இழுத்துப்போகும். கடையில் விற்கும் க்ளென்சிங் ஆயில் தண்ணீர் பட்டதும் பால் போல மாறுவதற்குக் காரணம், அதில் அந்த வேலைக்கென்றே சேர்க்கப்பட்ட பால்மமாக்கிகள். சமையலறை எண்ணெயில் அது இல்லை. ரீல்ஸ் பலவற்றில் விட்டுப்போவது இந்த இரண்டாம் பாதிதான். ‘எண்ணெய் தேய், துடை, தூங்கு’ என்று முடித்துவிடுகிறார்கள். மிச்ச எண்ணெய் ராத்திரி முழுக்க முகத்திலேயே தங்கினால், பரு வரும் வாய்ப்புள்ளவர்களுக்கு அதுவே தொல்லை.

எந்த எண்ணெய் ஓகே, எது வேண்டாம்?

விளக்கெண்ணெய்: ஆமணக்கு விதையிலிருந்து வருவது. உலகிலேயே அதிகமாக ஆமணக்கு விளைவது இந்தியாவில்தான். அதில் குஜராத் முதலிடம். நம்ம பக்கம் சேலம், தருமபுரி, நாமக்கல் மானாவாரி நிலங்களில் ஆமணக்கைப் பார்க்கலாம். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில், மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமான தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. இந்த எண்ணெயில் 85 சதவிகிதத்துக்கும் மேல் ‘ரிசினோலிக்’ என்ற கொழுப்பு அமிலம். அதனால்தான் அந்தப் பிசுபிசுப்பு. தனியாகப் பூசினால் பசை மாதிரி ஒட்டும், எடுப்பதே கஷ்டம். வேறு எண்ணெயில் கொஞ்சமாகக் கலந்தால்தான் சரி.

ஒரு எச்சரிக்கை: ‘ஃப்ரெஷ்ஷா இருக்கட்டும்’ என்று ஆமணக்கு விதையை மிக்ஸியில் அரைக்காதீர்கள். விதையில் ‘ரைசின்’ என்ற கொடிய நச்சு இருக்கிறது. முறையாகத் தயாரித்த எண்ணெயில் அது இருக்காது. அரைத்த விழுதில் இருக்கும். பூஜை சாமான் வரிசையில் இருக்கும் ‘தீப எண்ணெய்’ பாட்டிலும் வேண்டாம். அது விளக்குக்கான கலவை, முகத்துக்கானது அல்ல. மருந்துக்கடையில் ‘ஐ.பி.’ என்ற தரக்குறியீட்டோடு கிடைக்கும் விளக்கெண்ணெயை வாங்குங்கள்.

சூரியகாந்தி எண்ணெய்: விலை குறைவு, லேசானது. வழக்கமான வகையில் லினோலிக் அமிலம் அதிகம். பரு உள்ளவர்களின் முக எண்ணெயில் லினோலிக் அமிலம் குறைவாக இருப்பதை 1980-களிலேயே ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். அதற்காக, ‘சூரியகாந்தி எண்ணெய் பருவைக் குணப்படுத்தும்’ என்று அர்த்தம் இல்லை. முகத்துக்கு முயற்சி செய்ய ஓரளவு பாதுகாப்பான தேர்வு, அவ்வளவுதான்.

ஆலிவ் எண்ணெய்: விலை அதிகம் என்பதால் சருமத்துக்கும் உசத்தி என்று நினைக்க வேண்டாம். 2013-ல் வெளியான ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வில், 19 பேருடைய முன்கைகளில் தினமும் இரண்டு வேளை, ஒரு வேளைக்கு ஆறு சொட்டு என சில வாரங்கள் தடவிப் பார்த்தார்கள். ஆலிவ் எண்ணெய் சருமத்தின் பாதுகாப்புப் படலத்தைப் பலவீனப்படுத்தி, லேசாகச் சிவக்கவும் வைத்தது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை, ஈரப்பதத்தையும் கூட்டியது. சிறிய ஆய்வுதான், அதுவும் கையில், கழுவாமல் விட்டது. இருந்தாலும், உலர்ந்த, சென்சிட்டிவ் சருமக்காரர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

நல்லெண்ணெய்: மேக்கப்பை நன்றாக எடுக்கும். எள் அலர்ஜி உள்ளவர்கள் தொடக் கூடாது.

தேங்காய் எண்ணெய்: உலர்ந்த கை, கால்களுக்கு அருமை. பரு வரும் முகத்துக்கு, துளைகளை அடைக்கும் வாய்ப்பு அதிகம். ‘இந்த எண்ணெய் துளையை அடைக்கும்’ என்று 0 முதல் 5 வரை மார்க் போடும் பட்டியல்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, அந்தக் காலத்தில் முயல் காதில் செய்த சோதனைகளிலிருந்து வந்தவை. உங்க முகம் முயல் காது இல்லை. பட்டியலை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கோங்க.

கடுகு எண்ணெய்: வத்தல்மலைக் கடுகுப் பூவைப் போட்டோ எடுங்கள், எண்ணெயை முகத்தில் போடாதீர்கள். கடுகின் காரத்துக்குக் காரணமான வேதிப்பொருள் சருமத்தை எரிச்சலூட்டும். ‘சுர்ர்னு இருந்தா வேலை செய்யுது’ என்பது தவறான நம்பிக்கை.

வேப்பெண்ணெய், புங்க எண்ணெய்: இரண்டும் வீரியமானவை. வீட்டில் முகத்துக்குப் பரிசோதனை செய்ய ஏற்றவை அல்ல.

எப்படிச் செய்வது?

முதலில் டெஸ்ட். கலவையை முழங்கையின் உட்பக்கம் ஒரு சின்ன இடத்தில் தினமும் இருமுறை, 7 முதல் 10 நாள்கள் தடவுங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் மட்டும் முகத்துக்கு வாங்க.

1. நான்கு டீஸ்பூன் சூரியகாந்தி எண்ணெய், ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய். சருமம் ரொம்ப உலர்ந்தது என்றால் விளக்கெண்ணெயைப் பாதியாக்குங்கள். இந்த அளவு அனுபவத்தில் வந்தது, ஆய்வகத்தில் அளந்தது அல்ல. சின்ன கண்ணாடி பாட்டிலில், வெயில் படாமல் வையுங்கள். காறல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

2. கையைக் கழுவிவிட்டு, அரை டீஸ்பூன் எண்ணெயை உலர்ந்த முகத்தில் ஒரு நிமிஷம் மென்மையாகத் தடவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள்.

3. வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஆவி பறக்கும் சூடு வேண்டாம், சருமம் சிவந்துபோகும். ஒவ்வொரு முறையும் துவைத்த துணியாக இருக்கட்டும்.

4. முக்கியமான இரண்டாம் பாதி: மென்மையான ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவுங்கள். வீட்டுப் பொருள்தான் வேண்டுமென்றால், நைஸாகச் சலித்த பாசிப்பயறு மாவைக் குழைத்துப் பூசி, தேய்க்காமல் கழுவலாம். அரப்பு தலைக்கு ஓகே. முகத்தை உலர்த்திவிடும், கண்ணில் பட்டால் எரியும்.

5. தேவைப்பட்டால் மாய்ஸ்சரைசர்.

இதை இரவில் மட்டும், சன்ஸ்கிரீனோ மேக்கப்போ போட்ட நாள்களில் செய்தால் போதும். ஒன்றும் போடாமல் வீட்டில் இருந்த நாளில் ஃபேஸ்வாஷே போதும்.

நம்ப வேண்டாத மூன்று விஷயங்கள்

‘எண்ணெய் தடவினா, முகம் எண்ணெய் சுரக்கிறதைக் குறைச்சுக்கும்.’ இல்லை. எண்ணெய்ச் சுரப்பை முக்கியமாகத் தீர்மானிப்பது ஹார்மோன்கள். வெளியே பூசும் எண்ணெயைப் பார்த்து சுரப்பிகள் வேலையை நிறுத்தாது.

‘முதல்ல பரு கூடும், அது உள்ளே இருக்கிற நச்சு வெளியேறுது.’ ரொம்ப ஆபத்தான வார்த்தை இது. சரும செல்கள் புதுப்பிக்கும் வேகத்தைக் கூட்டும் ரெட்டினாய்டு போன்ற மருந்துகளில் ஆரம்பத்தில் பரு கூடுவது உண்டு. எண்ணெய்க்கு அந்த வேலை இல்லை. எண்ணெய் போட்டுப் பரு கூடினால், அது உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நிறுத்துங்கள். ‘இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போம்’ என்று இழுத்தால் பரு போனாலும் தழும்பு தங்கிவிடும்.

‘கலர் கூடும்.’ எண்ணெய் எடுப்பது அழுக்கை. உங்கள் நிறம் அழுக்கு இல்லை.

யார் தவிர்க்கணும்?

சீழ் வைத்த, வலிக்கும் பருக்கள் இருப்பவர்கள். பொடுகோடு மூக்கோரம், புருவத்தில் செதில் உதிர்பவர்கள். நெற்றியில் ஒரே அளவில் அரிக்கும் குட்டிக் குட்டிப் பருக்கள் இருப்பவர்கள். இது ‘மலசீசியா’ என்ற பூஞ்சையின் வேலையாக இருக்கலாம். அந்தப் பூஞ்சைக்கு எண்ணெயிலிருக்கும் கொழுப்பு அமிலங்கள்தான் சாப்பாடு. அதோடு, எக்ஸிமா உள்ளவர்கள், முகத்துக்கு மருந்து பூசிக்கொண்டிருப்பவர்கள் தோல் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

இன்னொன்று. பருவுக்கோ கலருக்கோ மருந்துக்கடையில் நீங்களாகவே கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு க்ரீம் போட்டுக்கொண்டிருந்தால், எண்ணெய் அதற்கு மாற்று அல்ல. அந்த க்ரீமைத் திடீரென நிறுத்தினாலும் முகம் சிவந்து எரியலாம். டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கே போங்கள். கூச்சப்பட எதுவும் இல்லை. இதே பிரச்னையோடு வருகிறவர்கள் அங்கே நிறைய பேர்.

மற்றவர்கள் இந்த வாரமே ட்ரை பண்ணலாம். செலவு, சில ஸ்பூன் எண்ணெய். இரண்டு வாரத்தில் முகம் மென்மையாக, எரிச்சல் இல்லாமல் இருந்தால் தொடருங்கள். இல்லையா, மிச்ச விளக்கெண்ணெயை வெடித்த பாதத்துக்குத் தடவிக்கொள்ளுங்கள். அதுக்கு அது நூறு சதவிகிதம் செட் ஆகும்!