பூச்சியத்தின் பங்கு

கெஸினோவில் ஏமாற்றித்தான் பணம் பறிக்கிறார்கள் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். ஏமாற்ற வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை என்பதைச் சகோதரிகள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ரூலட் எனும் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியச் சக்கரத்தில் 1 முதல் 36 வரை இலக்கங்களும் ஒரு பூச்சியமுமாக 37 குழிகள். சொன்ன இலக்கத்தில் பந்து விழுந்தால் வைத்த பணமும் அதைப்போல் 35 மடங்கும் கிடைக்கும். ஒருவர் 37 குழிகளுக்கும் தலா 100 ரூபா வைக்கிறார் என்று கொள்ளுங்கள். வைத்தது 3,700, கைக்குத் திரும்புவது 3,600. மீதி நூறும் மேசைக்காரனுக்கு. அதாவது நூற்றுக்கு 2.7 வீதம். அமெரிக்கச் சக்கரத்தில் பூச்சியம் இரண்டு, அங்கே 5.26 வீதம்.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் கடையில் ஒரு தடவை காசு கொடுத்தால் சாமான் வீட்டுக்கு வருகிறது. இங்கோ அதே காசு திரும்பத் திரும்ப மேசைக்குப் போகிறது. 10,000 ரூபாவுடன் போனவர் வென்றும் தோற்றும் அதைப் பத்துத் தடவை வைத்தாரானால், வைத்த மொத்தம் ஒரு இலட்சம். சராசரியாக 2,700 ரூபா அங்கேயே தங்கிவிடும். ஆகவே ஆளை எழும்ப விடாதிருப்பதுதான் இத்தொழிலின் சூட்சுமம். பெரும்பாலும் சுவரில் மணிக்கூடு இராது, ஜன்னல் இராது. காசுக்குப் பதில் வர்ண வில்லைகள். வில்லையைத் தள்ளும்போது பிள்ளையின் கொப்பிக் காசு யாருக்கு நினைவு வரும்?

"தோற்றால் அடுத்த தடவை இரட்டிப்பாக வைப்பேன், எப்படியும் மீட்பேன்" என்று மனைவியிடம் நகை கேட்பவரும் உண்டு. 100 ரூபாவில் தொடங்கிப் பத்துத் தடவை தொடர்ந்து தோற்றால் போனது 1,02,300. அடுத்து வைக்க வேண்டியது 1,02,400. அத்தனையும் நூறு ரூபா இலாபத்துக்கு! மேசைக்கு உச்ச வரம்பு உண்டென்பதால் அதற்கு முன்பே வழி அடைபட்டுவிடும்.

1913 ஆகஸ்ட் 18இல் மொன்டே கார்லோவில் கறுப்பு நிறமே தொடர்ந்து 26 தடவை விழுந்தது. இனிச் சிவப்புத்தான் என்று பணத்தைக் கொட்டியவர்கள் பெருந்தொகை இழந்தனர். சக்கரத்துக்கு ஞாபகம் ஏது?

சூதில் சில பயன்கள் உண்டென்றும் பாவமே அவற்றைவிடப் பெரிதென்றும் அல்-பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் கூறுகிறது. அப்பயனை அடைவது யார் என்பதற்கு மொனாக்கோ நல்ல சான்று. மொன்டே கார்லோ கெஸினோவை 1863இல் பொறுப்பேற்ற பிரான்சுவா பிளாங்க் பெருஞ்செல்வரானார். அந்த வருமானத்தின் பலத்தில் 1869இல் அந்நாட்டு மக்களுக்கு வருமான வரி நீக்கப்பட்டது. ஆனால் அக்கெஸினோவில் விளையாட மொனாக்கோ பிரஜைகளுக்கு மட்டும் அனுமதி கிடையாது.